பதினேழு வீட்டுக்கு முதல் அழைப்பு

பொன்னம்பலம் சாரின் கைக்கம்ப்யூட்டரைக் கொன்றவர் பக்கத்து ரேடியோ கடை ஞானசிகாமணி. அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது நான். கடைசியில் திட்டு வாங்கியதும் நான்தான். கேரள எல்லையில், பாறசாலை ஜங்ஷனில் நியாயம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் பெயர் பிரசீதா. ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்புகிற ரோட்டில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டெலிபோன், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் பக்கத்தில் ஒரே கல்யாணத்துக்கு மலையாளத்தில் முந்நூறு, தமிழில் முந்நூறு என்று அழைப்பிதழ் அடிப்பார்கள். தமிழ் வீட்டுக்கு மலையாளக் கார்டு போனால் கோபம், மலையாள வீட்டுக்குத் தமிழ்க் கார்டு போனால் கோபம். இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் இரண்டு பாஷையும் தெரியும். இந்தத் தொழிலுக்கு வந்தால் பொறுமை வரும் என்று நினைத்தேன். வந்தது வாய்தான்.

பொன்னம்பலம் சார் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஃபைலில் எழுதுவது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். முப்பத்துமூன்று வருஷ சர்வீஸில் ரிமார்க்ஸ் என்ற இடத்தில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தக் கொள்கையால் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம், மனைவியின் அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்தியதுதான். பகவதியம்மாளின் அண்ணன் தாணுமாலயன், ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார், காஞ்சிரங்குளத்தில் புது வீடு கட்டினார். புதுமனை புகும் பால்காய்ப்புக்குப் போய் இரண்டு கிளாஸ் பாயசம் குடித்த பொன்னம்பலம் சார், மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து, மேற்படி வீட்டின் மதில் புறம்போக்கில் ஒன்றரை அடி ஏறியிருப்பதாக மைத்துனருக்கு நோட்டீஸ் எழுதினார். அதன்பிறகு பதினோரு வருஷம் அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இதெல்லாம் பழைய கதை. தொண்ணூற்றொன்பதில், மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானபோதுதான் கைக்கம்ப்யூட்டர் வந்தது. அமெரிக்காவில் இருந்த மகன் ஸ்ரீஹரி அனுப்பிவைத்தான். உள்ளங்கையில் அடங்கும். ஒரு சின்னக் குச்சியால் அதன் திரையில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில் மட்டும். கல்யாணத்துக்கு அழைக்கவேண்டிய வீடுகளைக் குறித்துவைக்க அதில் ஓடும்படி ஒரு புரோகிராமும் அவனே எழுதி அனுப்பியிருந்தான். வரிசை எண், வீட்டுக்காரர் பெயர், அழைத்த தேதி, ரிமார்க்ஸ். ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டத்தைக் கண்டதும் பொன்னம்பலம் சாருக்கு மறுபடியும் சர்வீஸில் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தபாலில் அழைத்தால் யாரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து அழைக்க வேண்டும். அப்போதும் எத்தனையாவது வீடாக நம் வீட்டுக்கு வந்தார்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். அதனால் முக்கியமான இடங்களில், ‘உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வாறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம். எல்லாரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். பொன்னம்பலம் சாரும் சொன்னார். ஆனால் வாசலைத் தாண்டியதும், ஆட்டோவில் உட்கார்ந்து, குச்சியை எடுத்து எழுதினார்: ‘முதல் அழைப்பு என்று கூறப்பட்டது. உண்மை அல்ல.’

எழுதும்போது இடது கையால் திரையை மறைத்துக்கொள்வார், சீட்டாடுகிறவர்போல. சனிக்கிழமை தோறும் என் கடைக்கு வந்து அந்த யந்திரத்தை என் கம்ப்யூட்டரோடு இணைத்து, உள்ளே இருப்பதற்கெல்லாம் ஒரு பிரதி எடுத்துவைப்பார். அது மகனின் உத்தரவு. எதற்கென்று அப்போது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பிரதி எடுத்துவிட்டுப் போகும்போது பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. அதற்குப் போடுவது மிகவும் சன்னமான பேட்டரி. பாறசாலையிலும் இல்லை, நெய்யாற்றின்கரையிலும் இல்லை. வாசலில் நின்ற ஞானசிகாமணிக்கு நாங்கள் அதைப் பேசியது காதில் விழுந்தது. அவர் கடையில் ரேடியோவைக் கரண்டில் பாடவைக்கிற எலிமினேட்டர் பெட்டிகள் வரிசையாகத் தொங்கும்.

“பேட்டரி எதுக்கு சார்? நான் எலிமினேட்டர் வச்சித் தாறேன். ஆயுசுக்கும் ஓடும்” என்றார்.

அரைமணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை என் கடைவரைக்கும் வந்தது. கைக்கம்ப்யூட்டரைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு சார் வந்து நின்றார். பின்னாலேயே ஞானசிகாமணி.

“ஆறு வோல்ட்டு தாங்காத சாமானத்த அமெரிக்காக்காரன் எதுக்குச் செய்யணும்?” என்று அவர் என்னிடம் கேட்டார். நான்தான் செய்தேன் என்பதுபோல.

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் நூற்று நாற்பத்தாறு வீடு அழைத்து முடிந்திருந்தது. அறுபத்தாறு பாக்கி. எந்த அறுபத்தாறு என்பது அந்தக் கைக்குட்டைக்குள் இருந்தது. கல்யாணத்துக்கு எட்டு நாள். விட்டுப்போன வீடு ஜென்மத்துக்கும் மன்னிக்காது. ஞாபகத்தை நம்பி மறுநாள் சாரும் பகவதியம்மாளும் காரோடு கிராமத்தில் ஆனந்தபாய் என்ற டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ‘உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வாறோம்’ என்றார் சார். ஆனந்தபாய் டீச்சர் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “போன வாரமும் எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்திய” என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீஹரி எனக்குப் போன் செய்தான். யந்திரம் போனாலும் பிரதி என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. ஆனால் அவன் எழுதிய புரோகிராம் கையில் பிடிக்கிற யந்திரத்தில்தான் ஓடும், மேசைக் கம்ப்யூட்டருக்கு அது புரியாது. “அதுக்கு ஒரு வழி உண்டு பிரசீதா. உன் கம்ப்யூட்டரைக் கைக்கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்க ஒரு புரோகிராம் இருக்கு. ஈமெயில்ல அனுப்புறேன்” என்றான். அது டெலிபோன் கம்பி வழியாக என் கடைக்கு வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் மூன்று தடவை அறுந்தது. போன் கிடைக்காமல் என் அம்மா ஆட்டோ பிடித்து வந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்துக் கோபப்பட்டுத் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை அதை ஓட்டினேன். பதினான்கு இஞ்சு மானிட்டரின் நட்டநடுவில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, பொன்னம்பலம் சாரின் கைக்கம்ப்யூட்டர் வந்து நின்றது. அதே சாம்பல் நிற உடம்பு, அதே பொத்தான்கள், அதே பச்சைத் திரை, எல்லாம் படமாக. படத்தில் இருந்த பவர் பொத்தானை மவுஸால் அமுக்கினேன். திரை உயிர் பெற்றது. நூற்று நாற்பத்தாறு வீடும், அறுபத்தாறு வீடும் உள்ளே இருந்தன. எனக்கே புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

சார் சட்டைப்பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்து என் மானிட்டர் கண்ணாடியில் குத்தினார்.

“குச்சி வேண்டாம் சார். மவுஸ்லதான் தொடணும்.”

“எனக்க மெஷினாக்கும் இது. எனக்குத் தெரியாதா?” என்று இன்னொரு குத்து. அந்தக் கீறல் இன்றைக்கும் உண்டு.

பிறகு மூலையில் இருந்த பேட்டரி அடையாளத்தைப் பார்த்தார். நிறைய இருப்பதாகக் காட்டியது. “பேட்டரி யாரு போட்டது?”

“இதுக்குப் பேட்டரியே வேண்டாம் சார். தீராது.”

“சிகாமணியும் அப்படித்தான் சொன்னான்” என்றார் சார். அன்றிலிருந்து அவர் பார்த்து முடித்ததும் படத்தின் பவர் பொத்தானை நான் அமுக்கி அணைத்தாக வேண்டும். மானிட்டர் எரியும், கம்ப்யூட்டர் ஓடும், ஃபேன் சுற்றும். படம் மட்டும் அணைந்திருக்கும். “சும்மா எரியவிட்டா ஆயுசு குறையும் மக்கா” என்பார்.

ஞானசிகாமணியும் வந்து எட்டிப் பார்த்தார். “பாத்தியளா சார். நான் கொன்னது உடம்பத்தான். ஆத்துமா பத்திரமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்தவர் மாதிரிப் போனார்.

பட்டியலை அச்செடுத்துத் தருகிறேன், பேசாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பதறிவிட்டார். “அச்சடிச்சா அது டாக்குமெண்ட் ஆயிரும் மக்கா. டாக்குமெண்ட் எப்பவும் யாரு கையில கிட்டக்கூடாதோ அவன் கையிலதான் போய்க் கிட்டும். முப்பத்துமூணு வருஷம் பாத்தாச்சு.” ஆகவே தினமும் நாலரை மணிக்கு மனைவியோடு என் கடைக்கு வருவார். அன்றைக்குப் போகவேண்டிய பத்துப் பதினைந்து வீடுகளைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, ஆட்டோ ஏறுவார். வெளியில் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தப் பட்டியல் முழுவதும் இப்படியாக என் கண்ணில் பட்டது. கனகதாஸ் என்பவரின் வீடு வரிசை எண் 1: ‘முதல் அழைப்பு என்று கூறப்பட்டது. உண்மை.’ அப்படி எழுதியிருந்த ஒரே வீடு அதுதான். ஒரே ஒரு இடம் தவிர, மற்ற இடங்களில் எல்லாம் ‘உண்மை அல்ல.’

இதில் எனக்கு வேறொரு சங்கடம் வந்தது. கல்யாணப் பந்தலில் வாழ்த்து மடல் அச்சடித்து விநியோகிப்பது எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவம். அந்த வாரத்தில் மூன்று பேர் கிருஷ்ணப்ரியா கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அடிக்க என்னிடம் வந்தார்கள். மூன்றிலும் ‘முதல் அழைப்பு பெற்ற’ என்று ஒரு வரி. முதல் அழைப்பு பெற்ற ஆருயிர் நண்பர். முதல் அழைப்பு பெற்ற ஆபீஸ் தோழர். மூன்றாவது, பெரிய எழுத்தில், பார்டர் கட்டி: ‘முதல் அழைப்பு பெற்ற தாய்மாமன், தாணுமாலயன்.’ நான் வாயை மூடிக்கொண்டு டைப் செய்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை சார் பட்டியலில் மூழ்கியிருந்தபோது பகவதியம்மாள் என்னிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். “அண்ணன் எழுதுன வாழ்த்து வந்துதா மக்கா?” என்றார்.

“வந்துது அம்மா.”

“போன மாசம் நாங்க அழைக்கப் போனோம். பதினோரு வருஷத்துக்கு அப்புறம். அண்ணன் கதவைத் திறந்துட்டு உள்ள வான்னு சொல்லல. முதல்ல எங்க வீட்டுக்கா வந்தியன்னு கேட்டாரு. இவரு ஆமான்னாரு. அந்த ஒரு வார்த்தையில எல்லாம் போச்சு. என்னைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு.” அவர் சேலைத் தலைப்பைத் திருகினார். “எம்மகளைக் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர வேண்டியது மாமனாக்கும். அவரு வரலேன்னா எனக்கு அந்தக் கல்யாணமே பாதி இல்லை.”

எனக்குத் தாணுமாலயன் சாரின் வரிசை எண் தெரியும். முப்பத்தெட்டு. எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தேன்.

வியாழக்கிழமை பொன்னம்பலம் சார் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். எழுத்து கடுகு மாதிரித் தெரிகிறது என்று முனகினார். படத்தைப் பெரிதாக்க ஒரு வசதி இருப்பதாக ஸ்ரீஹரி எழுதியிருந்தது எனக்கு நினைவு வந்தது. நான்தான் அதைச் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். கையில் மறைத்து வைத்துக்கொள்ளும் யந்திரம், பாதி மானிட்டருக்கு வீங்கியது. ரோட்டில் நின்றே வாசிக்கலாம். சாருக்குப் பரம சந்தோஷம். “கொள்ளாம் மக்கா. இப்பம்தான் மெஷின் மாதிரி இருக்கு” என்றார்.

அந்த நேரத்தில் தாணுமாலயன் சார் உள்ளே வந்தார். ஆறடி உயரம், தங்கப் பிரேம் கண்ணாடி. அதை அவர் எங்கும் மறப்பவர் இல்லை.

நான் ஒரே பாய்ச்சலில் மவுஸைப் பிடித்துப் படத்தின் பவர் பொத்தானை அமுக்கினேன். பச்சைத் திரை அணைந்தது. மைத்துனர்கள் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பகவதியம்மாள் அண்ணனுக்குத் தன் நாற்காலியைத் தந்துவிட்டு இன்னொன்றில் உட்கார்ந்தார். நான் தாணுமாலயன் சாரிடம் வாழ்த்து மடலின் புரூஃபை நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் திருத்த ஆரம்பித்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மணி ஐந்து அடிக்கும்வரை.

ஸ்ரீஹரியின் புரோகிராமில் நினைவூட்டு மணி என்று ஒன்று இருந்தது. முதல் அழைப்பு என்று சொல்லிவைத்த முக்கியஸ்தர்களைக் கல்யாணத்துக்கு முன் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக சார் குறித்துவைத்த நாளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, யந்திரம் அணைந்து கிடந்தாலும் தானாக விழித்து, மணியடித்து, அந்த ஆளின் பெயரைக் காட்டும். சாரின் கையில் இருந்தபோது அது சட்டைப்பைக்குள் ஒரு வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலிக்கும். என் கம்ப்யூட்டருக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் உண்டு. அது கத்தின கத்தில் மூன்று பேரும் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

‘வரிசை எண் 38. தாணுமாலயன், காஞ்சிரங்குளம். மனைவியின் அண்ணன். முதல் அழைப்பு என்று கூறப்பட்டது. கீழே காண்க.’

இங்கிலீஷில் இருந்தது. கணக்கு வாத்தியார் இங்கிலீஷும் நன்றாகப் படித்தவர். நான் மானிட்டரை அணைக்கக் கையை நீட்டினேன்.

“இருக்கட்டும் மக்கா” என்றார் தாணுமாலயன் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “முப்பத்தெட்டு.”

மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, முதல் அழைப்புன்னு மொத்தம் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கு?”

வேறு எங்கேயாவது கேட்டிருந்தால் பொன்னம்பலம் சார் சமாளித்திருப்பார். ஃபைல் முன்னால் திறந்து கிடக்கும்போது அவரால் பொய் சொல்ல முடியாது. “பதினேழு” என்றார். கொஞ்சம் யோசித்து, “உங்களையும் சேத்து” என்றார்.

தாணுமாலயன் சார் பேனாவை மூடினார். புரூஃபை மடித்து மேசைமேல் வைத்தார். “இது அடிக்காண்டாம் மக்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். பகவதியம்மாளும் எழுந்தார்; நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “அண்ணா” என்றார். படத்தைப் பெரிதாக்கியவள் நான். அந்த அம்மாவின் பதினோரு வருஷத்தை ஒரு கிளிக்கில் திரும்பக் கொண்டுவந்தவள் நான். எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“சார், நில்லுங்க” என்றேன். “கணக்கு வாத்தியாரு, பாதிக் கணக்குல எழும்பிப் போவியளா? கீழே காண்கன்னு எழுதியிருக்கு. மத்த யாருக்கும் அப்படி எழுதல்ல. உண்மை, இல்லேன்னா உண்மை அல்லன்னுதான் இருக்கு.”

அவர் வாசலில், ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி நின்றார்.

“மக்கா, அது ஆபீஸ் ரகசியமாக்கும்” என்றார் பொன்னம்பலம் சார்.

“நீங்க சும்மா இருங்க சார்” என்று படத்தின் ஓரத்திலிருந்த அம்புக்குறியை அமுக்கினேன். அடுத்த பக்கம் வந்தது. அதற்கடுத்த பக்கமும் இருந்தது. குமாஸ்தா இங்கிலீஷில் இருந்ததை நான் உரக்கத் தமிழில் படித்தேன்.

‘ஜூன் 4. கல்யாணம் நிச்சயமான விவரம் சொல்ல, மேற்படியார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். நாய் இருந்தது. திரும்பினேன். கொண்டுபோன பழத்தை வழியில் கனகதாஸ் வீட்டில் கொடுத்து, முதல் அழைப்பு என்று கூறினேன்.’

இந்த வரியை உரக்கப் படித்ததுதான் பிற்பாடு எனக்கு வினையானது. கனகதாஸ் அப்போது ஞானசிகாமணி கடையில் டார்ச் வாங்கிக்கொண்டு நின்றார். ஊரிலேயே உண்மையில் முதல் அழைப்பு பெற்றவர் அவர் ஒருவர்தான். அதுவும் நாய்க்குப் பயந்து வந்த அழைப்பு என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஒரு மாசம் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் திட்டினார். ஆனால் அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. படித்துக்கொண்டே போனேன்.

‘ஜூன் 9. நாய் கட்டிக் கிடந்தது. உள்ளே மேற்படியாரின் இருமல் கேட்டது. தைரியம் போதவில்லை. திரும்பினேன்.’

‘ஜூன் 16. மழை தூறியது. திரும்பிவர அது போதிய காரணம் அல்ல. எனினும் திரும்பினேன்.’

‘ஜூன் 25. எதிர்ப்புறம் நின்று மதிலைப் பார்த்தேன். பிறகு டேப் வைத்து அளந்தேன். ஏறியிருப்பது ஒன்றரை அடி அல்ல, ஒன்றேகால் அடி. அன்றைய நோட்டீஸில் பிழை. பிழை என்னுடையது.’

“அப்பமே சொன்னேன்” என்றார் தாணுமாலயன் சார் வாசலிலிருந்து. செருப்பிலிருந்து கால் வெளியே வந்தது. “அப்பமே நான் சொன்னேன், ஒன்றரை வராதுன்னு.”

பொன்னம்பலம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகவதியம்மாள் கணவரைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டைவிட்டு இறங்கியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இத்தனை தடவை பேங்குக்குப் போகிற மனுஷன் பாஸ்புக்கில் ஒரு வரியும் ஏறாமல் திரும்பி வருகிறாரே என்று அந்த அம்மா நினைத்தாராம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

‘ஜூலை 8. மாலை ஆறேமுக்கால். வராந்தாவில் விளக்கு எரிந்தது. இன்று எப்படியும் பேசிவிடுவது என்று போனேன். கேட்டில் கை வைத்தேன். விளக்கு அணைந்தது. மேற்படியாருக்கு என்னைக் காண விருப்பமில்லை என்று தெரிந்தது. திரும்பினேன். இனி தனியாகப் போகத் திராணி இல்லை. பகவதியை அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.’

அவ்வளவுதான் எழுதியிருந்தது. தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலை எடுத்தேன். படத்தில் பேட்டரி நிறைய இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

தாணுமாலயன் சார் உள்ளே வந்து, விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தார்.

“கரண்டு போகல்ல அன்னிக்கு” என்றார். “அணைச்சது நான்தான்.”

பொன்னம்பலம் சார் தலையை நிமிர்த்தினார்.

“கேட்டுல நீரு நிக்கது ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது. சண்டைக்கு வாறீருன்னு நினைக்கல்ல மாப்பிள்ளை. மன்னிப்பு கேட்டிருவீரோன்னுதான் பயம். நீரு கேட்டா நான் அழுதுருவேன். அதுக்காக்கும் அணைச்சிட்டு இருட்டுல இருந்தேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்து பாத்தேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து பாத்தேன். நீரு போயிட்டீரு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு அறுபத்திரண்டு வயது, மற்றவருக்கு அறுபத்தைந்து. இந்த இரண்டு பேரையும் நடுவில் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் அழுத பகவதியம்மாளுக்கு அப்போது வந்தது அழுகை இல்லை. இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“ஞாயித்துக்கிழமை காலத்த ஏழு மணிக்கு மணவறையில குத்துவிளக்கு கொளுத்தணும். அணைச்ச அந்தக் கையாலதான் கொளுத்தணும், கேட்டியளா?”

“ஆறரைக்கே வந்திருவேன்” என்றார் தாணுமாலயன் சார்.